பரோனேசாவுக்குப் பசியில்லை

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தவன் நான்தான். அலறியவனும் நான்தான். வீட்டுக்கார அம்மாள் தோனா ஒடீலியா அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

"மூடு மகனே, குளிர் போயிடும்" என்றார்.

பிரேசிலில் எங்கள் மீனாஸ் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கும் என்று நம்பும் அளவுக்கு யாரும் வெகுளி இல்லை. வேகவைத்த பீன்ஸ் இருக்கும். மிஞ்சிப்போனால் கோழிக்கழுத்து இருக்கும். அதற்கெல்லாம் தயாராகத்தான் திறந்தேன். அன்று காலையில்தான் பெட்டி படுக்கையோடு அந்த வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்திருந்தேன். மோன்டிஸ் க்ளாரோஸ் நகரத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஐஸ் கட்டி எடுத்துக்கொள் என்று அவர்தான் சொன்னார். டப்பாவின் மூடியில் ஸ்ட்ராபெரிப் படம். உள்ளே வெள்ளை எலிகள். வாலை மடித்து, கண்ணைத் திறந்தபடி, கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தன.

"இது... யாருக்கு?"

"அவளுக்கு" என்று கரண்டியால் காட்டினார்.

சமையலறையை ஒட்டிய நடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மஞ்சள் விளக்கு. விளக்கின் கீழே, காபி நிறத்தில் வளையம் வளையமாக, சுருட்டி வைத்த தோட்டக் குழாய் போல ஒரு ஜிபோயாப் பாம்பு படுத்திருந்தது. பெயர் பரோனேசா. சீமாட்டி என்று அர்த்தம். பேருக்கேற்ற பார்வைதான். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

பாம்பைக் கண்டு நான் நடுங்கவில்லை. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் என்றாலும், சோளக் களஞ்சியத்தில்தான் எனக்கு நடைபழக்கினார்கள். களஞ்சியத்துக்குள் ஜிபோயா புகுந்தால் அப்பா அதை அடிக்க விடமாட்டார். விஷம் கிடையாது, மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை, எலி பிடிக்கும். அது தன் பாட்டுக்கு வரும், தின்னும், போகும். பாம்புக்குப் பந்தி வைத்து, "சாப்பிடு, சாப்பிடு" என்று ஒரு மனுஷி கெஞ்சுவதை நான் அந்த வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்து நாளாகியும் அந்த அதிர்ச்சி முழுதாக இறங்கவில்லை.

தோனா ஒடீலியா சாப்பாட்டு டப்பா போடுகிறவர். அலுமினியத் தாள் டப்பாவில் சோறு, பீன்ஸ், கோழி, வெண்டைக்காய், மேலே மரவள்ளி மாவு வறுவல். டயர் கடை, பதிவாளர் அலுவலகம், தெருவில் சமைக்கப் பிடிக்காத பாதி வீடுகள், எல்லோருக்கும் மதியம் அவர் கைச்சோறுதான். ஆள் குட்டை, தோள் அகலம். தலையில் வலை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு "உவாய்" போடுவார். ஆச்சரியத்துக்கும் அதுதான், அலுப்புக்கும் அதுதான், "வா உட்கார்" என்பதற்கும் அதுதான். யாராவது சாப்பிட்டால் எதிரில் நின்று கடைசிக் கவளம் இறங்கும்வரை பார்ப்பார். மிச்சம் வைத்தால் விடமாட்டார். ஒருமுறை டயர் கடையிலிருந்து ஒரு டப்பா வெண்டைக்காயோடு திரும்பி வந்துவிட்டது. அந்த ரப்பர் செருப்போடு கடைவரை நடந்துபோய், டயருக்கு அடியில் படுத்திருந்தவனின் காலைத் தட்டி, "ஏன்டா வைச்ச? வழவழன்னு இருந்துச்சா? வாயில சொல்லு" என்று கேட்டுவிட்டு வந்தவர்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஒரு ஜீவன் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தது.

பரோனேசாவை வாங்கி வந்தவர் அவருடைய கணவர் வல்டொமீரு. லாரி ஓட்டுநர். அரசாங்க அனுமதி, தோலுக்கடியில் அடையாளச் சில்லு என்று எல்லாம் முறைப்படி வாங்கியதுதான். கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவரே எலி போடுவார். வீட்டுக்குள் அந்தக் கண்றாவி ஆகாது என்று ஒடீலியா சட்டம் போட்டிருந்தார். பிறகு வல்டொமீரு பிராபோராவில் நெடுஞ்சாலையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணோடு போய்விட்டார். அந்தப் பெண்ணுக்குப் பாம்பென்றால் பயமாம். ஆகவே மனுஷன் போனார், பாம்பு தங்கிவிட்டது.

"போறதுக்கு முன்னாடி ரொம்ப நாளா ராத்திரி வந்தா பசியில்ல, பசியில்லம்பாரு" என்று பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னார். "நான் வயித்துக் கோளாறுன்னு நெனச்சு கஷாயம் வச்சுக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சாரு பாவி. வயிறு எங்க ரொம்புச்சுன்னு அப்புறம்தானே தெரிஞ்சுது." நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "இந்த வீட்டுல என் சாப்பாட்ட வேணாம்னு சொன்ன மொத ஆளு அவரு. ரெண்டாவது இவ."

கராஜில் குளிரும் என்று பெட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுவந்தது ஒடீலியாதான். அன்றிலிருந்து எலி ஊட்டுவதும் அவர்தான். அன்றிலிருந்து பரோனேசா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அந்த உபசாரத்தைச் சொல்லியாக வேண்டும். காலையிலேயே எலி டப்பாவிலிருந்து இறங்கிவிடும். ஒரு தட்டில் வைத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடுவார். டப்பாக்கள் எல்லாம் போனபிறகு, மர உரலில் பூண்டையும் உப்பையும் நசுக்கி, அந்த விழுதை எலியின் மேல் வயிறு, முதுகு, காது மடல் என்று நிதானமாகத் தடவுவார். முதல்முறை பார்த்தபோது நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பாக்கிற? பச்சையாவா குடுப்பாங்க? நாம என்ன காட்டுலயா இருக்கோம்?"

விலங்கு மருத்துவர் யஸ்மீன், சின்ன வயசுப் பெண், எலியைக் கோழிச்சாற்றில் முக்கிக் கொடுத்துப் பாருங்கள், வாசனைக்கு வரும் என்று சொல்லியிருந்தார். ஒடீலியா அதையும் செய்தார். தனியாக ஒரு சிறு பாத்திரம், கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியது. "அது அவ பாத்திரம். வேற யாரும் தொடக்கூடாது. நான் என்ன அசிங்கம் புடிச்சவளா?" அதில் வெங்காயம் சிவக்கும். பூண்டு, கோழி, மல்லித்தழை. சீசன் வந்தால் பெக்கிப் பழம் வேறு. பெக்கி கொதித்தால் வாசனை தெருமுனை வரை போகும். எங்கள் பக்கத்தில் அது இல்லாத கோழிக் குழம்பு கோழிக் குழம்பே இல்லை. அந்த மஞ்சள் சாற்றில் எலி முங்கி எழுந்து, இறைச்சி புரட்டும் நீண்ட இடுக்கியில் தொங்கியபடி பெட்டிக்குள் போகும்.

"வா கண்ணு. ஆறிடும். ஒரு வாய். எனக்காக ஒரு வாய்."

இடுக்கியை ஆட்டுவார், எலியை நடக்க வைப்பார், ஓட வைப்பார். பரோனேசா நாக்கை நீட்டி ஒருமுறை காற்றைத் தொட்டுப் பார்க்கும். பிறகு காய்ச்சல்காரன் போர்வைக்குள் முகம் புதைப்பதுபோலத் தலையைத் தன் சுருளுக்கு அடியிலேயே இழுத்துக்கொள்ளும். ஒடீலியா இடுக்கியைப் பிடித்தபடி கை வலிக்கும்வரை நிற்பார். இதில் தவறாக எனக்கும் எதுவும் படவில்லை. பூண்டும் உப்பும் படாத இறைச்சியை நானும் அதுவரை கண்டதில்லை. அதிகம் போனால், உப்பு கொஞ்சம் தூக்கலோ என்று நினைத்திருப்பேன்.

பாம்பு மெலிந்தது. முதுகெலும்பு ஓட்டுக்கூரையின் முகடுபோல் தெரிய ஆரம்பித்தது. தெருவுக்கும் தெரிய ஆரம்பித்தது. எதிர்வீட்டு க்ளேவுசா தினமும் டப்பா வாங்குகிறவள். வாங்க வரும்போது எட்டிப் பார்ப்பாள். ரொட்டிக்கடை வரிசையில் அவள் சொன்னது ரொட்டியைவிடச் சூடாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது: "புருஷன் மேல இருக்கிற ஆத்திரத்த அந்த வாயில்லா ஜீவன் மேல காட்டுறா. பட்டினி போட்டுக் கொல்லுறா பாரு."

ஒடீலியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "பட்டினியா? என் வீட்டுலயா?" என்றார். "உவாய்" வரவில்லை. அன்று மதியம் எல்லா டப்பாவிலும் சோறு மூடியை முட்டிக்கொண்டு இருந்தது. க்ளேவுசா டப்பாவில் கோழித்துண்டு ஒன்று கூடுதல்.

யஸ்மீன் வந்து பாம்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இனி காத்திருக்க முடியாதும்மா. அடுத்த வாரம் குழாய் விட்டு உள்ள தள்ளிடலாம். சில சமயம் அதுலயே போயிடும், அதையும் சொல்லிடறேன்."

"திணிக்கிறதா?" ஒடீலியா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "நான் யாருக்கும் வாயில திணிச்சதில்ல டாக்டர்."

அந்த வாரம் பார்த்து ஜனுவாரியா ஊரில் இருக்கும் அவர் தங்கைக்குப் பித்தப்பை அறுவை. போய்த்தான் ஆகவேண்டும். கடைசியாக ஒருமுறை ஊட்டிப் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். சாற்றைக் காய்ச்சி, மயோனைஸ் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, உறைய வைத்துவிட்டுப் போனார். பேருந்திலிருந்தே குரல்செய்தி வந்துகொண்டிருந்தது. "இடுக்கிய மேல தூக்கிப் புடி." "அவகிட்ட நல்லாப் பேசு, அதிகாரமாப் பேசாத." "மல்லித்தழ பிரிட்ஜுல கீழ்த்தட்டுல."

நான் புட்டியை எடுத்து, உருகட்டும் என்று கொதிநீரை மேலே ஊற்றினேன். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பிளந்தது. சாறும் சில்லும் தொட்டிக்குள் சேர்ந்து இறங்கின. பூண்டு வாசனை வீடு முழுக்க எழுந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தே வியர்த்தது. எலி ஏற்கெனவே இளகிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதை வெறும் வெந்நீரில் போட்டுச் சூடாக்கினேன். விருந்தாளிக்கு வெறுஞ்சோறு வைப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ சீமாட்டி, இன்னைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இடுக்கியை நீட்டினேன்.

கையில் ஓர் அறை விழுந்தது. இல்லை, இடுக்கி பிடுங்கப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். எழுந்து பார்த்தபோது பரோனேசா எலியைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தது. எப்போதோ செத்துப்போன எலி. அதை இன்னொரு முறை கொன்றுகொண்டிருந்தது. அத்தனை பசி. பிறகு தாடை கழன்று விரிந்தது. எலியின் தலை போயிற்று, தோள் போயிற்று. கடைசியில் வால் மட்டும் வெளியே, நூடுல்ஸ் உறிஞ்சும் குழந்தை வாயில் தொங்குவதுபோல் சிறிது நேரம் தொங்கி, அதுவும் உள்ளே போயிற்று.

உடனே படம் பிடித்து அனுப்பினேன். அழுவார், கத்துவார், மாதாவைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவருடைய குரல்செய்தி எப்போதும் ஒரு பேருந்துப் பயண நீளம் இருக்கும். அன்று வந்ததில் இரண்டே சொல்: "என்ன போட்ட?"

"எதுவும் போடல தோனா. புட்டி உடைஞ்சிடுச்சு. வெறும் வெந்நீர்."

கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

ஊரிலிருந்து வந்து பையை இறக்கியவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. தலைவலையை மாட்டிக்கொண்டு நேரே அடுப்புக்குப் போனார். அன்று மதியம் எனக்கு வந்த தட்டில் வெள்ளைச் சோறும் வெள்ளைக் கோழியும் இருந்தன. ஒரு வாய் வைத்தேன். உப்பில்லை. பூண்டில்லை. வெந்நீரில் வெந்த கோழி.

"தோனா, உப்பு..."

"எதுக்கு? அவளுக்கு அதுதானே புடிச்சுது. நீயும் அவளும் ஒரே ருசிக்காரங்க. தின்னு."

தின்றேன். அடுத்த நாளும் அதே தட்டு. அதற்கடுத்த நாளும். எதிரில் நின்று பார்க்கக்கூட மாட்டார். தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுவார். வல்டொமீருவின் மேல் இருந்த கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது போலிருந்தது. கடைசியில் பொறுக்காமல், யஸ்மீனைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தேன். புட்டி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இருங்க, இருங்க. அதுவரைக்கும் எலி மேல என்ன தடவிக்கிட்டிருந்தீங்க?"

ஒடீலியாதான் பதில் சொன்னார். "எல்லாரும் போடறதுதான் டாக்டர். பூண்டு, உப்பு. சாறுல வெங்காயம், மல்லி. பெக்கி கெடச்சா பெக்கி."

"பாம்புக்கா?... தோனா ஒடீலியா, அதுங்க நாக்காலதான் மோந்து பாக்கும். அந்த வாசனையில அது எலின்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் வெறும் சாறுன்னுதானே சொன்னேன்!"

"வெறும் சாறுன்னு ஒண்ணு இருக்கா டாக்டர்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். தொலைபேசியை நான் அணைத்தேன். அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"அப்போ அவளுக்குப் பசியில்லாம இல்ல" என்றார். "தினமும் பசியோடதான் படுத்திருந்தா."

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"க்ளேவுசா சொன்னது சரிதான்டா. பட்டினி போட்டது நான்தான். பூண்டு நசுக்கி, மல்லித்தழ தூவி, பட்டினி போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு என் தட்டை இழுத்து, அதிலிருந்த உப்பில்லாத கோழியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். முகம் சுளித்தது. ஆனாலும் விழுங்கினார். பிறகு எழுந்து, எனக்கு வேறு தட்டில் சரியான சாப்பாடு வைத்தார்.

அடுத்த எலியைத் தானே ஊட்டப்போவதாகச் சொன்னார். ஆனால் கை? எலுமிச்சை போட்டுத் தேய்த்தார், காபித்தூள் போட்டுத் தேய்த்தார், எவர்சில்வர் கரண்டியில் உரசினார். என் மூக்கருகே நீட்டினார். பூண்டு. மறுபடி கழுவிவிட்டு நீட்டினார். பூண்டுதான்.

"இது தோலுல இல்ல மகனே. எலும்புல இறங்கிடுச்சு."

எலும்பிலிருந்து அதை இறக்க அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. ஞாயிறு பூராவும் அடுப்பைத் தொடவில்லை. திங்கட்கிழமை வாசல் கதவில் "இன்று சாப்பாடு இல்லை" என்று அட்டை தொங்கியது. டயர் கடையிலிருந்து ஆள் வந்து அட்டையைப் படித்துவிட்டு, நம்பாமல், கதவையும் தட்டிப் பார்த்தான். பதிவாளர் அலுவலகத்திலிருந்து யாருக்கு மரணம் என்று விசாரித்தார்கள். க்ளேவுசா ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"ஒடீலியா! என் டப்பா எங்க? உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்குச் சாப்பிடறது வேற ஒருத்தி. வாய மூடிக்கிட்டு நின்னு பாரு."

எலி வெந்நீரிலிருந்து வெறும் எலியாகவே எழுந்தது. ஒடீலியா இடுக்கியை நீட்டினார். கெஞ்சவில்லை; கண்ணு, செல்லம் எதுவும் இல்லை. பரோனேசாவின் நாக்கு வெளியே வந்தது. எலியைத் தொட்டது. இடுக்கியைத் தாண்டி அவர் கைப்பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது. அவர் தோள்பட்டை ஏறி, இறங்காமல் நின்றதை நான் பார்த்தேன். நாக்கு உள்ளே போயிற்று. தலை மெல்லப் பின்வாங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த கணம் ஜன்னலில் க்ளேவுசா "மாதாவே!" என்று கத்தினாள். எலி இடுக்கியில் இல்லை.

"பாத்தியா? தின்னுது" என்றார் ஒடீலியா, திரும்பாமலே.

"என்னடி வச்ச அதுக்கு?"

"ஒண்ணும் வைக்கல" என்றார், தெருவே கேட்கிற அவமானத்தோடு.

பிராபோராவில் என்னவோ சரிப்படவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து வல்டொமீரு அழைத்தார், பாம்பை வந்து எடுத்துப்போகிறேன் என்று. "அவ இங்கதான் சாப்பிடுறா" என்று சொல்லி ஒடீலியா தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

படிப்பு முடிந்து நான் இப்போது உரக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். இன்னும் அதே பின்னறைதான். தோனா ஒடீலியாவும் அதே வீட்டில், அதே தெருவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பரோனேசாவின் முதுகில் எலும்பு தெரிவதில்லை. எலி வைக்கும் திங்கட்கிழமைகளில் தெருவுக்குச் சாப்பாடு கிடையாது. திட்டிக்கொண்டே எல்லோரும் பழகிவிட்டார்கள். நான்தான் இன்னும் பழகவில்லை. அந்தத் திங்கட்கிழமைகளில் அவர் சிவப்பு நூல் பாத்திரத்திலிருந்து எலியை இடுக்கியால் தூக்கி, நீர் சொட்ட ஒரு கையில் பிடித்துக்கொள்கிறார். பெட்டியைத் திறக்கும் முன், மறுகையின் சுண்டுவிரலை எலி கிடந்த அந்த வெந்நீரில் தொட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடி ருசி பார்க்கிறார். உப்பில்லை என்று உறுதியானதும் தலையாட்டுகிறார்.